ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே

"கூடைக்குள்ள என்ன?"

"முதல்ல நான் உள்ள வரலாமா அண்ணி?"

"நீ வரலாம். கூடை வெளியவே இருக்கட்டும். மேல போட்ட துண்டு அசையுது."

நாத்தனார் கூடையோடுதான் உள்ளே வந்தாள். வேலை முடிந்து நேராக வந்திருக்கிறாள். பேருந்து நடத்துநரின் சீருடையைக்கூட இன்னும் மாற்றவில்லை. கழுத்தில் விசில் ஆடிக்கொண்டிருந்தது. முன்னறையில் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்த அண்ணி, ஊசிக்குக் கீழே இருந்த துணியை விடாமல் கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தாள். துண்டை விலக்கினால் ஒரு ஆமை. சாப்பாட்டுத் தட்டளவு இருக்கும்.

"ஐயையோ! யாராவது மிதிச்சிட்டாங்களா இத?"

"யாரும் மிதிக்கல. ஓடே அப்படித்தான்."

ஓடு அப்படித்தான் இருந்தது. சின்னச் சின்னக் கிண்ணங்களைக் கவிழ்த்து யாரோ அவசரத்தில் ஒட்டிவைத்ததுபோல ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகப் புடைத்து நின்றது. ஒன்று உயரம், ஒன்று குட்டை. வால்பக்கம் இருந்தது ஒரேயடியாக இடதுபக்கம் சாய்ந்திருந்தது.

"பிராணிகள் காப்பகத்துல இருந்து எடுத்துட்டு வந்தேன் அண்ணி. வர்றவங்க எல்லாரும் வழவழன்னு இருக்கற ஆமையா பாத்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. இத மட்டும் யாருமே கேக்கல."

"நீ போய்க் கேட்டியாக்கும்."

"எனக்கு இதத்தான் புடிச்சது."

"உங்க குடும்பத்துக்கே கண்ணு அப்படி. உங்கண்ணன கத்தரிக்கா வாங்கிட்டு வரச் சொன்னா சொத்தையா பாத்துப் பொறுக்கிட்டு வருவார்."

"அதே கண்ணாலதான் அண்ணி உங்களயும் பாத்துட்டு வந்து கட்டிக்கிட்டார்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததை மறைக்க மெஷினை ஒரு ஓட்டு ஓட்டினாள்.

அந்த அண்ணன் கப்பலில் சமையல்காரர். எப்போதாவதுதான் வீட்டுக்கு வருவார். மற்ற நாளெல்லாம் இந்த இரண்டு பெண்களும், பள்ளிச் சீருடை தைக்கும் மெஷினும், மெஷின் நின்றால் கேட்கும் இவர்கள் சண்டையும்தான் வீடு. நாத்தனார் இருட்டோடு எழுந்து பணிமனைக்குப் போய்விடுவாள். அதன்பிறகு சாயங்காலம்வரை சண்டை போடவும் அண்ணிக்கு ஆளில்லை.

"இந்த மேடு பள்ளம் எப்ப சரியாகும்?"

"ஆகாதாம். சின்னதுல யாரோ காஞ்ச டப்பாவுல அடச்சு வெச்சு, ரொட்டியும் பிஸ்கட்டுமா போட்டு வளத்திருக்காங்க. டாக்டரம்மா சொன்னாங்க, மேடானது மேடுதானாம். இனிமே புதுசா வளர்றது மட்டும் சமமா வருமாம்."

"நல்லா இருக்கே கத! ஒரு மடிப்பு தூக்கிட்டு நின்னாலே பிரிச்சு மறுபடி தைக்கிறவ நான். இத நாள் பூரா பாத்துட்டு உக்காந்திருக்கணுமா?"

"கொஞ்ச நாள்தான். மாசக் கடைசியில டாக்டரம்மா வந்து பாப்பாங்க. தானா சாப்பிட்டு, நடமாடிட்டு இருந்தா நமக்கே குடுத்துடுவாங்க. இல்லன்னா திருப்பி எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"மாசக் கடைசி எதுக்கு? இன்னிக்கே வரச் சொல்லு."

இருவரும் பேசுவதை ஆமை தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தது. நாத்தனார் கழுத்திலிருந்த விசிலை எடுத்துச் சும்மா ஒரு ஊது ஊதினாள். தலை படக்கென்று உள்ளே போய்விட்டது.

"பாத்தீங்களா! எங்க பணிமனை மேனேஜரே தான். எதாவது கேக்கலாம்னு யாராவது வாயத் தொறந்தா இப்படித்தான் உள்ள போயிடுவார்."

அன்றிலிருந்து ஆமைக்கு மேனேஜர் என்று பெயர்.

*

மேனேஜர் வீட்டை நன்றாகச் சுற்றிப் பார்த்தார். சமையலறைக்குப் போனார், பீரோவுக்கு அடியில் போனார், கடைசியில் இஸ்திரி மேசைக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டார். அண்ணி சீருடைகளைத் தேய்த்துத் தேய்த்து மேசையிலிருந்து சூடு இறங்கும் இடம் அது.

"என்ன, இஸ்திரி போட்டா ஓடு சரியாயிடும்னு வந்து நிக்கிறீங்களா?" என்று அண்ணி குனிந்து கேட்டாள். "அதெல்லாம் துணிக்குத்தான். தள்ளி உக்காருங்க, தண்ணி தெளிக்கப் போறேன்."

கேட்ட பிறகுதான் தான் அதனிடம் பேசினோம் என்பது அவளுக்கே உறைத்தது. வாசல்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

பேச்சு அதோடு நிற்கவில்லை. பொத்தான் காஜா எடுக்கும்போது பேசினாள். நூல் அறுந்தால் மேனேஜரிடம் முறையிட்டாள். கப்பலிலிருந்து கணவர் போன் செய்து வைத்தபிறகு, அவர் சொன்னதையெல்லாம் இன்னொருமுறை மேனேஜருக்குச் சொன்னாள். அவர் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னாள்.

ஒருநாள் நாத்தனார் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே காது கொடுத்தாள்.

"யார்கூட அண்ணி பேசிட்டிருந்தீங்க?"

"ரேடியோ."

"ரேடியோ போன வருஷமே ஊமையாயிடுச்சே."

"அதான் தட்டிப் பாத்துட்டிருந்தேன். கை கால கழுவிட்டு வா, போ."

எல்லாம் சரி, மேனேஜர் சாப்பிடத்தான் மாட்டேன் என்றார். நாத்தனார் வழியெல்லாம் தேடி நல்ல புல்லாகக் கொண்டுவந்தாள். செம்பருத்தி இலை, செம்பருத்திப் பூ, கீரைத் தண்டு எல்லாம் வைத்துப் பார்த்தார்கள். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சநேரம் உட்கார வைத்தார்கள். குளித்துவிட்டு வந்து, தட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மேசைக்கடியில் போய்க் கண்ணை மூடிக்கொள்வார்.

"குளிருதோ என்னவோ," என்றாள் அண்ணி. "தொட்டா சில்லுன்னு இருக்கு."

மறுநாள் நாத்தனார் வந்தபோது மேனேஜர் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். உள்ளே பஞ்சு வைத்து, நான்கு காலுக்கும் தலைக்கும் வாலுக்கும் வழிவிட்டு, வயிற்றுப் பக்கம் பொத்தான் வைத்துத் தைத்த சட்டை. ஒவ்வொரு மேட்டுக்கும் தனித்தனியாகச் சுருக்கம் வேறு பிடித்திருந்தது.

"அளவெடுக்கவிட்டாரா அண்ணி?"

"அசையாம நின்னார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க ஒண்ணுகூட இப்படி நின்னதில்ல."

நாத்தனார் அதைப் படம் பிடித்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினாள். டாக்டரம்மா உடனே போன் செய்தாள். முதலில் நன்றாகச் சிரித்து முடித்தாள்.

"சட்டை ரொம்ப அழகா இருக்கு, அக்காகிட்ட சொல்லுங்க. ஆனா கழட்டிடுங்க. போர்வை சூட்ட உண்டாக்காது, இருக்கற சூட்டத்தான் காப்பாத்தும். அதுங்கிட்ட சூடே இல்ல. நம்மள மாதிரி உடம்புக்குள்ள சூடு உண்டாக்கத் தெரியாது அதுக்கு. வெயில்லதான் வாங்கிக்கணும். உடம்பு சூடானாத்தான் பசியே எடுக்கும்."

"வெயிலா!" என்றாள் அண்ணி, போனை நாத்தனார் கையிலிருந்து வாங்கி. "எங்க வீட்டுல அதத்தவிர மத்தது எல்லாம் இருக்கு டாக்டரம்மா."

அது உண்மை. தெருவில் எல்லோரும் மாடிமேல் மாடியாகக் கட்டிவிட, ஓடு போட்ட இந்த வீடு மட்டும் நடுவில் குனிந்து உட்கார்ந்திருந்தது. பின்முற்றத்தில் எந்நேரமும் நிழல். வாசலிலோ வண்டியும் நாயும். விடுமுறை நாளில் நாத்தனார் கூடையோடு பூங்காவுக்குப் போனாள். அங்கே ஒரு நாய் வந்து கூடைக்குள் மூக்கை நுழைத்ததில் மேனேஜர் மறுநாள்வரை தலையை வெளியே காட்டவில்லை. காப்பகத்திலிருந்து சூடு கொடுக்கும் விளக்கு ஒன்றை இரவல் வாங்கி வந்தார்கள். அதையும் இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்துப் போட்டதும் ஃப்யூஸ் போய்விட்டது. பள்ளிக்கூடம் திறக்கப்போகிற சமயம். இஸ்திரியை நிறுத்தினால் சீருடை நிற்கும்.

மாசக் கடைசி வந்துவிட்டது. இன்னும் இரண்டு நாளில் டாக்டரம்மா வரவேண்டும்.

"அழச்சிட்டுப் போனா போகட்டும் அண்ணி," என்றாள் நாத்தனார், தட்டில் வாடிக்கிடந்த பூவைப் பார்த்துக்கொண்டே. "அங்க விளக்கு வெச்ச அறை இருக்கு. நீங்களும்தான் முதல் நாள்ல இருந்து அனுப்பு அனுப்புன்னு சொல்றீங்க."

"ஆமா, சொன்னேன்," என்றாள் அண்ணி. நூலைப் பல்லால் கடித்தாள். கத்தரி பக்கத்திலேயே கிடந்தது.

*

மறுநாள் நாத்தனார் வேலைக்குப் போனபிறகு பார்த்தால், மேனேஜர் மேசைக்கடியில்கூட இல்லை. பீரோ ஓரத்தில் எல்லாக் காலையும் இழுத்துக்கொண்டு கல்லாகக் கிடந்தார். கூப்பிட்டுப் பார்த்தாள். ஓட்டைத் தட்டிப் பார்த்தாள். ஒரு அசைவும் இல்லை.

அண்ணி பதறிப்போய் போனை எடுத்தாள். அவளுடைய போனில் பெயர்களைப் பதிந்து தருவது நாத்தனார்தான். 'ஓடு டாக்டர்' என்று டாக்டரம்மாவின் எண்ணைப் பதிந்திருந்தாள். அதற்கு முந்தின வரியில், போன மழைக்கு முன்னால் கூரைக்காகப் பதிந்த வெறும் 'ஓடு' இருந்தது. கண்ணாடியைத் தேட நேரமில்லாத அண்ணியின் விரல் அந்த முந்தின வரியில் பட்டது.

"ஹலோ, ஓடு விஷயமா பேசுறேன்."

"சொல்லுங்கம்மா," என்றது ஒரு ஆண் குரல். டாக்டரம்மாவின் உதவியாளராக இருக்கும் என்று அண்ணி நினைத்துக்கொண்டாள்.

"நிலம ரொம்ப மோசமா இருக்குங்க. அசையவே இல்ல."

"ஓடு அசையாம இருந்தா நல்லதுதானேம்மா?"

"என்னங்க நல்லது? நேத்துவரைக்கும் கொஞ்சமாவது நகந்துச்சு."

"நகந்துச்சா! எந்தப் பக்கமா?"

"இஸ்திரி மேசைப் பக்கமா."

"எத்தன வருஷத்து ஓடு?"

"பன்னெண்டு இருக்கும்னாங்க."

"அது ஒரு வயசே இல்லயே. மேடு பள்ளமா இருக்கா?"

"வந்ததே மேடு பள்ளமாத்தாங்க."

"யாரும்மா போட்டது?"

"எந்த ஆமை போட்டதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?"

வாசலில் போன ஒரு லாரியின் சத்தத்தில் நல்லவேளையாகவோ கெட்டவேளையாகவோ 'ஆமை' என்ற சொல் மட்டும் அவர் காதில் விழவில்லை.

"சரி, தண்ணி இறங்குதா?"

"தண்ணி கொஞ்சம் இறங்குது. சாப்பாடுதான் இறங்கல. தெனம் வெதுவெதுன்னு தண்ணியில உக்கார வெக்கிறோம், அப்பவும் சரியாகல."

"யார உக்கார வெக்கிறீங்க?"

"மேனேஜரத்தான்!"

மறுமுனையில் குரல் மிகவும் மென்மையாகிவிட்டது. "நீங்க பதட்டப்படாதீங்கம்மா. கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு உக்காருங்க. தையக்காரம்மா வீடுதானே? சாயங்காலத்துக்குள்ள நானே நேர்ல வந்து பாக்குறேன். பெருசு எடுத்துட்டு வரட்டுமா, சின்னது போதுமா?"

அண்ணியின் கண்ணுக்கு முன்னால் ஒரு ஊசி வந்து நின்றது.

"பாவம்ங்க, சின்னதே போதும். வலிக்காம பாத்துக்கோங்க."

*

நாத்தனார் வீடு திரும்பியபோது வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். தோளில் ஒரு ஏணி, இடுப்பில் சுத்தியல், பேண்ட்டின் முட்டியில் ஒரு பெரிய கிழிசல்.

"யாருங்க வேணும்?"

"ஓட்டு விஷயமா வரச் சொன்னாங்க."

"தேர்தல் இப்பத்தானே முடிஞ்சது?"

"நான் சொல்றது கேக்குற ஓட்டு இல்ல தங்கச்சி. கூரை மேல ஏறுற ஓடு."

குரல் கேட்டு அண்ணி ஓடிவந்தாள். அவரைப் பார்த்தாள், ஏணியைப் பார்த்தாள்.

"டாக்டர் வரலயா? ஏணி எதுக்கு?"

"சின்னதே போதும்னு நீங்கதானேம்மா சொன்னீங்க!"

நாத்தனார் அண்ணியின் போனை வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். விசிலைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் குலுங்கினாள். விஷயம் புரிந்ததும் ஓட்டுக்காரருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து சிரித்தார்.

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? பாவம், வீட்டுல யாரோ மேனேஜரப் புடிச்சுத் தண்ணியில உக்கார வெச்சிருக்காங்க, சீக்கிரம் போய் அவரக் காப்பாத்தணும்னு வந்தேன்."

"சிரிக்காதீங்க அண்ணே. அங்க ஒரு ஜீவன் கிடக்கு," என்று அண்ணி உள்ளே கூட்டிப் போனாள்.

ஓட்டுக்காரர் குனிந்து மேனேஜரைப் பார்த்தார். ஒரு மேட்டின்மேல் விரல் வைத்தார். "அடேங்கப்பா! இப்படி மட்டும் நான் ஓடு போட்டிருந்தேன்னா எனக்குக் கூலியா குடுத்திருப்பாங்க? அடிதான் குடுத்திருப்பாங்க. இதுக்கு என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா. வந்தது வந்துட்டேன், உங்க கூரைய ஒரு பார்வ பாத்துட்டுப் போறேன்."

அவர் மேலே ஏறினார். தலைக்குமேல் டக் டக்கென்று சத்தம் நடந்தது. "யப்பா, கால் வெக்க முடியல, இந்நேரத்துலயும் அடுப்புச் சட்டி மாதிரி கொதிக்குது!" என்று குரல் வந்தது. பிறகு, "இங்க ஒண்ணு விரிசல் விட்டிருக்கு, எடுத்துட்டு வேற வெக்கிறேன்," என்றார்.

அவர் அந்த ஓட்டை எடுத்தார்.

அறைக்குள் வெயில் விழுந்தது. இஸ்திரி மேசையின் ஓரத்தில் பட்டு, அங்கிருந்து வழிந்து, தரையில் நீளச்சதுரமாகப் பளீரென்று படுத்துக்கொண்டது. நூல் தூசியெல்லாம் அதில் மினுமினுத்தது. இந்த அறைக்கு இப்படி ஒரு நிறம் இருக்கிறது என்று அண்ணிக்கு அன்றுதான் தெரிந்தது. பீரோ ஓரத்துக்குப் போய் மேனேஜரை இரண்டு கையாலும் தூக்கிவந்து அந்தச் சதுரத்துக்குள் வைத்தாள்.

"புது ஓடு வெச்சு மூடிடட்டுமாம்மா?"

"மூடாதீங்க!"

"என்னது?"

"மூடாதீங்கன்னு சொல்றேன்ல! அந்த ஓட்டு மேல அவ்ளோ வெயில் சும்மா கிடக்கு. இந்த ஓட்டுக்குக் கொஞ்சம்கூடக் கிடைக்கல. நடுவுல ஒரு ஓட்டை இருந்தாப் போதும்!"

மேலே, வெயிலுக்குப் பக்கத்தில், ஓட்டுக்காரரின் முகம் தெரிந்தது. "இத்தன வருஷத்துல ஓட்டைய அடைங்கன்னுதான் எல்லாரும் கூப்பிட்டிருக்காங்க. வைங்கன்னு கேட்டது நீங்க ஒருத்தர்தான். மழை வந்தா?"

"மேனேஜருக்குக் குடை தச்சுத் தர்றேன்."

"அதெல்லாம் வேணாம். கண்ணாடி ஓடுன்னு ஒண்ணு இருக்கு. மழை நிக்கும், வெயில் வரும். வீட்டுல கிடக்கு, காலையில கொண்டாந்து மாட்டுறேன்."

"அண்ணி, அண்ணி!" என்று நாத்தனார் கையைப் பிடித்து இழுத்தாள். "இங்க பாருங்க!"

மேனேஜரின் முன்னங்கால் ஒன்று வெளியே வந்திருந்தது. பிறகு இன்னொன்று. பிறகு மூக்கு. அவ்வளவுதான். பக்கத்து மாடிக்குப் பின்னால் சூரியன் இறங்க, சதுரம் சுவரில் ஏறி, மெலிந்து, இல்லாமல் போய்விட்டது. மூக்கும் உள்ளே போய்விட்டது.

"நாளைக்கு," என்றாள் அண்ணி, மேனேஜரிடமா, ஓட்டுக்காரரிடமா என்று தெரியாமல். அப்புறம் நிமிர்ந்து, "அண்ணே, நாளைக்கு வரும்போது அந்தப் பேண்ட்டையும் கையில எடுத்துட்டு வாங்க. முட்டிக்கு ஒட்டு போட்டுத் தர்றேன்," என்றாள்.

"சரிதான். ஓட்டுக்கு ஒட்டு. கணக்கு நேராயிடுச்சு."

*

சொன்னபடி அவர் காலையில் வந்து கண்ணாடி ஓட்டை மாட்டிவிட்டுப் போனார். நாத்தனார் விடுப்பு எடுத்திருந்தாள். இருவரும் தட்டில் செம்பருத்திப் பூவைப் பிய்த்துப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். கண்ணாடிக்கு மேலே ஒரே மேகம்.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

டாக்டரம்மா கையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. மூடியில் காற்றுக்காகத் துளைகள் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் அண்ணி பூத்தட்டை மேனேஜருக்கு இன்னும் பக்கத்தில் நகர்த்தினாள்.

"எப்படி இருக்கார் மேனேஜர்? சாப்பிடுறாரா?"

"சாப்..." என்று நாத்தனார் ஆரம்பித்தாள்.

"சாப்பிடல," என்றாள் அண்ணி. "வந்ததுல இருந்து ஒரு வாய் இறங்கல டாக்டரம்மா. பொய் சொல்லி என்ன ஆகப்போவுது."

டாக்டரம்மா மேனேஜரைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள். எடை போட்டாள். முகம் மாறியது. "நீங்க பாத்துக்கிட்டதுல குறை இல்லக்கா. ஓடு சுத்தமா இருக்கு, காலெல்லாம் நல்லா இருக்கு. ஆனா இளைச்சிருக்கு. இங்க குளிர்ச்சி ஜாஸ்தி. நான் எடுத்துட்டுப் போறதுதான் இதுக்கு நல்லது." பெட்டியின் மூடியைத் திறந்தாள்.

"நேத்துவரைக்கும் நீங்க சொல்றது சரி. இன்னிக்குக் காலையிலதான் எங்க வீட்டுக்கு வெயில் வெச்சிருக்கோம்."

"வெயில் வெச்சிருக்கீங்களா?"

அண்ணி மேலே கையைக் காட்டினாள். டாக்டரம்மா அண்ணாந்து பார்த்தாள். கண்ணாடி ஓட்டில் மேகம் தெரிந்தது.

"மேகம் போனதும் வந்துடும். அதுவரைக்கும் உக்காருங்க."

"அக்கா, எனக்கு இன்னும் நாலு எடத்துக்குப் போகணும்..."

"உங்க பையோட வார் பிஞ்சு தொங்குது. போற வழியில எல்லாத்தையும் கொட்டிட்டுப் போவீங்க. குடுங்க இப்படி. தச்சு முடிக்கற வரைக்கும் உக்காரலாம்ல?"

டாக்டரம்மா பையைக் கொடுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வார் தைத்து முடிந்தது. மேகம் போகவில்லை. அண்ணி வாரைப் பிரித்தாள்.

"ஏன்க்கா பிரிக்கிறீங்க?"

"நூல் நிறம் ஒத்துப்போகல."

மறுபடி தைத்தாள். பிறகு பையின் ஜிப்பைச் சோதித்தாள். உள்பை ஒன்று வைத்தால் நன்றாக இருக்கும் என்றாள். பேசிக்கொண்டே இருந்தாள், மேனேஜர் முதல்நாள் எப்படி வீட்டைச் சுற்றினார், காஜா எடுக்கும்போது எப்படி நிமிர்ந்து பார்ப்பார், போனில் கணவர் குரல் கேட்டால் எப்படிக் கழுத்தை நீட்டுவார்.

நாத்தனார் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். "திருப்பி அனுப்பு, திருப்பி அனுப்புன்னு சொன்னது யாரு அண்ணி?"

"நீ சும்மா இரு. உனக்கென்ன, நீ பஸ்ஸுல ஏறிப் போயிடுவ. இவரு போயிட்டா நான் நாள் பூரா யார்கிட்ட பேசுவேன்? ரேடியோவும் ஊம."

டாக்டரம்மா திறந்துவைத்த பெட்டியைக் காலால் மெல்ல ஓரத்துக்குத் தள்ளினாள்.

அப்போதுதான் தரை வெளுத்தது. முதலில் மங்கலாக, சந்தேகமாக. பிறகு பளீரென்று. நீளச்சதுரம் நேற்றையதைவிடப் பெரியதாக டாக்டரம்மாவின் நாற்காலிக்கு முன்னால் வந்து விழுந்தது. அண்ணி மெஷினை விட்டு எழுந்த வேகத்தில் நூல்கண்டு உருண்டு ஓடியது. மேனேஜரைத் தூக்கி நடுச்சதுரத்தில் வைத்தாள். தட்டையும் அருகில் வைத்தாள். மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

மேனேஜர் வெயிலை வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு மேடும் ஒரு பக்கம் ஒளியும் ஒரு பக்கம் நிழலுமாக, சின்ன மலைத்தொடர்போல் இருந்தது ஓடு. நேரம் போனது. டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஒரு கால் வந்தது. இன்னொரு கால் வந்தது. தலை வந்தது. கழுத்து, இவ்வளவு கழுத்து உள்ளே இருந்ததா என்று கேட்கும்படி வந்தது.

மேனேஜர் நடந்தார். தட்டைத் தாண்டி நடந்தார்.

"ஐயோ, தட்டு இங்க இருக்கு, இங்க!" என்று நாத்தனார் கிசுகிசுத்தாள்.

தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அவர். நேராகப் போய், தலையை ஒருபக்கம் சாய்த்து யோசித்து, வாயைத் திறந்து, செக்கச்செவேலென்று நகப்பூச்சு போட்டிருந்த டாக்டரம்மாவின் கால் கட்டைவிரலைக் கவ்வினார்.

"ஆஆ!"

டாக்டரம்மா இரண்டு காலையும் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டாள். நாத்தனார் தன்னையறியாமல், விடுப்பிலும் கழுத்தில் கிடந்த விசிலை ஊதிவிட்டாள். இந்தமுறை மேனேஜர் தலையை உள்ளே இழுக்கவில்லை. ஏமாற்றத்தோடு சுற்றும்முற்றும் பார்த்தார்.

"பூன்னு நெனச்சிட்டார்," என்றாள் அண்ணி, சிரிப்பை அடக்க முடியாமல். "வாய் வெச்சாருல்ல? இது சாப்பாட்டுல சேருமா டாக்டரம்மா?"

"விரல் சேராது! பூ சாப்பிட்டாத்தான் சேரும்!" டாக்டரம்மாவும் விரலைத் தடவிக்கொண்டே சிரித்தாள்.

அண்ணி ஒரு இதழை எடுத்து மேனேஜரின் மூக்குக்கு நேராகத் தரையில் வைத்தாள். அவர் அதைக் கவ்வினார். இழுத்தார். மென்றார். பாதி இதழ் வாயில், பாதி வெளியில். பிறகு அதுவும் உள்ளே போனது. அடுத்த இதழைத் தேடித் தானாகவே தட்டுக்குப் போனார். தட்டில் முன்காலை வைத்து ஏறி, பூவின்மேலேயே நின்றுகொண்டு பூவைச் சாப்பிட்டார்.

"நிஜமான பசி," என்றாள் டாக்டரம்மா. நாற்காலியிலிருந்து காலை இறக்கவில்லை. "சரிக்கா. உங்களுக்கே. ஆனா ஒண்ணு, கண்ணாடி வழியா சூடு வரும், வெயில்ல இருக்கற சத்து முழுசா வராது. அதனால வாரத்துல ஒண்ணு ரெண்டு நாளாவது நேர் வெயில்ல வெக்கணும்."

"எங்க பணிமனையில பெரிய மைதானம் இருக்கு," என்றாள் நாத்தனார். "நாய் இல்ல. நெஜ மேனேஜரும் அங்கதான் வெயில் காய்வார். சேத்து உக்கார வெக்கிறேன்."

"ஓடு மட்டும் இப்படியேதான் இருக்கும். நான் முதல்லயே சொல்லியிருக்கேன். பின்னாடி வருத்தப்படக்கூடாது."

"இருக்கட்டுமே," என்றாள் அண்ணி. "பிரிச்சுத் தைக்கவா போறேன்?"

டாக்டரம்மா வெறும் பெட்டியோடு ஸ்கூட்டரில் ஏறினாள். பையின் வார் உறுதியாக இருந்தது. உள்ளே கேட்காமலே ஒரு உள்பையும் வந்திருந்தது.

*

அதற்குப்பிறகு தையல் மெஷின் தன் இடத்தில் நிற்கவில்லை. வெயில்சதுரம் நகர மேனேஜர் நகர்வார். மேனேஜர் நகர, காலில் இடறாமல் இருக்க அண்ணி மெஷினை நகர்த்துவாள். ஒட்டுப் போட்ட பேண்ட்டை வாங்கிக்கொண்டு போன ஓட்டுக்காரர் ஒருநாள் தாமாகவே போன் செய்தார்.

"ஓடு எப்படிம்மா இருக்கு?"

"எந்த ஓடு?"

"ரெண்டும்தான்."

"ரெண்டும் நல்லா இருக்கு அண்ணே. மேல இருக்கறது ஒழுகல. கீழ இருக்கறது ஓயாம திங்குது. ஓரத்துல புதுசா ஒரு கோடு மாதிரி வந்திருக்கு, மெல்லிசா, சமமா, நான் தைக்கிற மடிப்பு மாதிரியே. ஒரு விஷயம்..."

"சொல்லுங்க."

"சாயங்காலம் இந்தப் பக்கம் வெயில் சீக்கிரமா போயிடுது. மேனேஜர் சுவத்துல முட்டிக்கிட்டு நிக்கிறார், கோவத்துல. சமையலறைப் பக்கமா இன்னும் ஒரு ஓட்டை போட முடியுமா?"

"போடலாமே. கண்ணாடி பெருசா எடுத்துட்டு வரட்டுமா, சின்னதா?"

அண்ணி சுவரைப் பார்த்தாள். மேனேஜர் திரும்பி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், வாயில் பாதிப் பூவோடு.

"பெருசாவே எடுத்துட்டு வாங்க," என்றாள்.